கொதிநீரில் விளைந்த புரதங்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வெப்பத்தை விரும்பும் பாக்டீரியாக்கள். நாம் கை வைத்தால் கொப்புளம் கிளம்பும் தண்ணீரில் பிறந்து, வளர்ந்து, பெருகும் உயிர்கள் அவை. அவற்றின் மரபணுவை வெளியே எடுத்தும், வெளி மரபணுவை அவற்றுக்குள்ளே வைத்தும் மனிதன் எப்படித் தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்கிறான், அந்த வழி எங்கே தொடங்கியது, அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

"இது விஞ்ஞானிகள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பெரியவர்கள் யாரேனும் நினைக்கலாம். ஐயா, 2020ஆம் ஆண்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மூக்குக்குள் பஞ்சுக்குச்சி விடாத வீடு இந்த ஊரில் உண்டா? "ரிசல்ட் வந்துவிட்டதா? பாசிட்டிவா, நெகட்டிவா?" என்று கைபேசியைப் பார்த்தபடி தூங்காமல் கிடக்காத குடும்பம் உண்டா? அந்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையைத்தான் தமிழ்நாடு ஏறத்தாழ முழுமையாக நம்பியிருந்தது. அந்தச் சோதனைக் குழாய்க்குள் உட்கார்ந்து வேலை செய்தது ஒரு புரதம். அந்தப் புரதத்தின் சொந்த ஊர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஒரு வெந்நீர் ஊற்று. ஆக, உங்கள் வீட்டில் யாரைத் தனியறையில் வைப்பது என்று முடிவு சொன்னதே ஒரு வெந்நீர்ப் பாக்டீரியாவின் சரக்குதான். இது எல்லோர் வீட்டுச் சமாச்சாரம்.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. சூடு ஏறினால் உயிர் ஏன் சாகிறது?

முட்டையை வேகவைக்கிறோம். கண்ணாடி போல இருந்த வெள்ளைக்கரு வெளுத்துக் கெட்டிப்படுகிறது. ஆறிய பிறகு அது பழைய நிலைக்குத் திரும்புமா? திரும்பாது. வெள்ளைக்கரு என்பது தண்ணீரும் புரதமும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி தனக்கென ஒரு வடிவத்தில் மடிந்து கிடக்கும். வடிவம் இருக்கும் வரைதான் புரதத்துக்கு வேலை. சூடு ஏறினால் மடிப்பு பிரிகிறது, பிரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, வேலை நின்றுபோகிறது. நமக்குக் காய்ச்சல் 106 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மருத்துவர் பதறுகிறாரே, அது வெறும் 41 டிகிரி செல்சியஸ்தான். அந்த அளவுக்கே நம் உடம்பு தாங்கவில்லை.

அப்படியானால் 70 டிகிரித் தண்ணீரில் வாழும் உயிரின் புரதம் மட்டும் எப்படி வேகாமல் இருக்கிறது? இதற்கு ஏதோ ஒரு தனி ரகசியம் இருக்கும் என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் தேடினார்கள். ஒற்றை ரகசியம் கிடைக்கவில்லை. அங்கும் அதே 20 அமினோ அமிலங்கள்தான். ஆனால் நேர்மின்னும் எதிர்மின்னும் கொண்ட அமிலங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடங்கள் கூடுதல். புரதத்தின் உள்பகுதி இடைவெளி இல்லாமல் நெருக்கமாக அடைந்திருக்கும். வெளியே தொங்கும் வளையங்கள் குட்டையாக இருக்கும். சூட்டில் சீக்கிரம் சிதையும் அஸ்பராஜின், குளுட்டமின் போன்ற அமிலங்கள் குறைவு. இங்கே ஒரு பிடி, அங்கே ஒரு இறுக்கம். சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்ந்து இவ்வளவு பெரிய வலிமை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவில் இது மறுபடியும் தேவைப்படும்.

சரி, இந்த உயிரைக் கண்டுபிடித்தது யார்?

தாமஸ் பிராக் என்று ஒரு பேராசிரியர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆசிரியர். 1960களின் நடுவில் யெல்லோஸ்டோனுக்குப் போகிறார். அங்கே ஊற்றுகளிலிருந்து வழிந்தோடும் வெந்நீரில் மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையுமாகப் பாசி போலப் படிந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிராக் கேட்டார்: இது உயிராயிற்றே, இந்தச் சூட்டில் என்ன செய்கிறது? வழிந்தோடும் தண்ணீரின் ஓரமாக வெப்பமானியோடு நடந்தார். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் சுமார் 73 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. அதற்கும் மேலே, சூடு இன்னும் கூடிய இடத்தில், இளஞ்சிவப்பு நிற இழைகள் ஆடுகின்றன. அவையும் உயிர்தான். வெப்பவிரும்பிகளுக்கு 55 டிகிரியே உகந்த சூடு என்று அக்காலப் பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. பிராக்கின் கண்முன்னே அந்தப் பாடம் கலைந்தது.

1966இல் அவரோடு ஒரு மாணவர் சேர்கிறார். பெயர் ஹட்சன் ஃப்ரீஸ். மாணவர்களே, கவனியுங்கள், அவர் முனைவர் பட்ட ஆய்வாளர் அல்லர்; உங்களைப் போல இளநிலை படித்துக்கொண்டிருந்தவர். மஷ்ரூம் ஸ்பிரிங் என்னும் ஊற்றில் எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து 70 டிகிரியில் வளர்க்கிறார். ஒரு நாள் குழாயைப் பார்த்தால் தெளிந்த நீர் கலங்கியிருக்கிறது. பாக்டீரியா வளர்ந்துவிட்டது! அதற்கு இருவரும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்து 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள். 40 டிகிரிக்குக் கீழே அதற்கு வாழ்க்கை இல்லை. 70 டிகிரியில் அது செழிக்கும். 79 வரை தாங்கும். இதே இனத்தை அவர்கள் வேறோர் இடத்திலும் கண்டார்கள். எங்கே தெரியுமா? வெந்நீர் ஊற்றே இல்லாத இந்தியானாவில், கட்டடத்தின் வெந்நீர்க் குழாயில்!

பிராக் அப்போது செய்த இன்னொரு காரியம் உண்டு. சிறிய காரியம். பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில் ஆகப்பெரிய காரியம் அதுதான். தான் வளர்த்த பாக்டீரியாவை அமெரிக்காவின் பொது நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்தில் ஒப்படைத்தார். யார் கேட்டாலும் சிறு கட்டணத்தில் கொடுக்கலாம் என்று வைத்தார். என்ன பயன் வரும் என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனாலும் வைத்தார்.

1976இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியென் என்னும் மாணவியும் உடன் உழைத்தவர்களும் இந்தப் பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாக்' பாலிமரேஸ் என்று பிற்பாடு உலகம் அதை அழைத்தது. அப்போதும் அதற்கு ஒரு பயன் தெரியவில்லை. ஆய்விதழில் ஒரு கட்டுரையாகக் கிடந்தது.

இப்போது காட்சி கலிஃபோர்னியாவுக்கு மாறுகிறது. 1983. சீட்டஸ் என்னும் நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி மல்லிஸ் இரவில் மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது பி.சி.ஆர். என்னும் யோசனை அவருக்குத் தோன்றுகிறது. டி.என்.ஏ. இரட்டை இழை. அதை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரண்டு இழையும் பிரியும். ஆறவைத்து, ஒவ்வொரு இழைக்கும் எதிர் இழை கட்டினால் ஒன்று இரண்டாகும். மறுபடி சூடாக்கு, மறுபடி கட்டு. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். 30 சுற்று ஓட்டினால்? ஒன்று 107 கோடி ஆகும். கண்ணுக்குத் தெரியாத துளி, கையில் அகப்படும் அளவுக்குப் பெருகிவிடும்.

யோசனை அருமை. நடைமுறையில் என்ன ஆயிற்று? அன்று கையில் இருந்த நொதி ஈ. கோலி பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. நம் குடலில் வாழும் உயிரின் நொதி அது. 37 டிகிரிக்குப் பழகியது. 95 டிகிரிக்குப் போனதும் செத்துப்போகும். எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறக்க வேண்டும், புது நொதி ஊற்ற வேண்டும், மூட வேண்டும், அடுத்த சூட்டுக்கு மாற்ற வேண்டும். ஆய்வகத்தில் ஒருவர் மணிக்கணக்கில் நின்றுகொண்டே இதைச் செய்ய வேண்டும். அத்தனை சுற்றுக்கும் விலை உயர்ந்த நொதி வீணாகும்.

அப்போதுதான் அந்தப் பழைய கட்டுரை நினைவுக்கு வருகிறது. கொதிக்கும் சூட்டிலும் சாகாத நொதி ஒன்று இருக்கிறதே! சேகரிப்பகத்துக்கு எழுதினார்கள். பாக்டீரியா வந்துசேர்ந்தது. டேவிட் கெல்ஃபாண்ட், சூசன்னே ஸ்டாஃபெல் ஆகியோர் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். 95 டிகிரியில் 40 நிமிடம் வைத்தாலும் பாதி வலு மிஞ்சியது. ஒரே முறை ஊற்றினால் போதும், 30 சுற்றும் அதுவே ஓடும். 1988இல் ரான்டல் சைக்கியும் குழுவினரும் அதை வெளியிட்டார்கள். 1989இல் 'சயின்ஸ்' இதழ் இந்த நொதியையே ஆண்டின் மூலக்கூறாகத் தேர்ந்தெடுத்தது. 1993இல் மல்லிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கொரோனாச் சோதனையில் அது செய்த வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். வைரஸின் ஆர்.என்.ஏ.வை முதலில் வேறொரு நொதி டி.என்.ஏ. ஆக்கிக் கொடுக்கும். அதை டாக் படியெடுத்துக்கொண்டே போகும். வழியில் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு குறுக்கே ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அமுக்கும் பொருள். டாக் நகர்ந்து வந்து அந்தத் துண்டை நறுக்கித் தள்ளும். சாயம் விடுபடும், ஒளிரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒளி கூடும். எத்தனையாவது சுற்றில் ஒளி தென்பட்டது என்பதைத்தான் "சி.டி. அளவு 22, 28" என்று நீங்கள் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வெந்நீர் ஊற்றில் தன் டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பதற்காக அந்தப் பாக்டீரியா வைத்திருந்த நறுக்கும் திறன், நம் ஊர் ஆய்வகத்தில் நோயைக் காட்டும் கருவியானது.

நண்பர்களே, இனி இன்றைய பேச்சின் உள்வீட்டுக்கு வருவோம். இந்தப் புரதத்தை எப்படிச் செய்கிறார்கள்?

தெர்மஸ் பாக்டீரியாவையே வளர்த்து அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் அதற்குள் இந்த நொதி மிகமிகக் குறைவு. எனவே 1989இல் அந்த மரபணுவை ஈ. கோலிக்குள் வைத்தார்கள். ஈ. கோலி வேகமாக வளரும், மலிவான தீனி போதும், சொன்ன புரதத்தைக் குவித்துத் தரும். சிக்கல் என்னவென்றால் அது தன் சொந்தப் புரதங்களையும் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறது. அவற்றிலிருந்து நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் வெப்பவிரும்பியின் அழகு தெரிகிறது. இந்தக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துபார்க்கலாம். இரவு முழுக்க வளர்த்த ஈ. கோலியை மையவிலக்கியில் சுழற்றி அடியில் படியவைக்கிறோம். செல்லை உடைக்கிறோம். கலங்கலான, கொழகொழவென்ற ஒரு திரவம் கிடைக்கிறது. அதை 75 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைக்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரவம் வெளுக்கிறது, திரிதிரியாகத் திரள்கிறது. ஈ. கோலியின் புரதங்கள் வெந்து விழுகின்றன. டாக்குக்கு 75 டிகிரி என்பது சொந்த வீட்டுச் சூடு. அது கரைசலில் அப்படியே நிற்கிறது. மறுபடி சுழற்றினால் அடியில் வெள்ளைக் கட்டி, மேலே தெளிந்த நீர். அந்தத் தெளிவில்தான் நம் புரதம் இருக்கிறது. பெரிய கருவி எதுவும் இல்லாமல், வெறும் சூட்டை வைத்தே பாதிக்கு மேற்பட்ட சுத்திகரிப்பு முடிந்துவிடுகிறது. முதன்முறை இதைப் பார்க்கும் மாணவர் முகத்தில் வரும் மலர்ச்சி இருக்கிறதே, ஆசிரியராக இருப்பதன் பேறு அது.

ஆனால் ஈ. கோலியால் எல்லாம் முடியுமா? முடியாது. சில வெப்பவிரும்பிப் புரதங்கள் 37 டிகிரியில் ஒழுங்காக மடிவதில்லை. மடிவதற்கே அவற்றுக்குச் சூடு வேண்டும். சிலவற்றுக்கு உலோக அணுக்களோ துணை மூலக்கூறுகளோ வேண்டும். அவற்றைச் சரியான இடத்தில் பொருத்தித் தரும் துணைப் புரதங்கள் ஈ. கோலியிடம் இல்லை. மரபெழுத்திலும் வேறுபாடு உண்டு. தெர்மஸின் டி.என்.ஏ.வில் ஜி, சி என்னும் எழுத்துகள் ஏறத்தாழ 69 விழுக்காடு, ஈ. கோலியில் பாதிதான். ஈ. கோலி அதைப் படிக்கச் சில சமயம் தடுமாறுகிறது.

அப்படியானால் வெப்பவிரும்பியையே தொழிற்சாலை ஆக்கினால் என்ன?

இதற்கு ஏற்ற உயிர் ஜப்பானில் கிடைத்தது. இஸு தீபகற்பத்தில் மினே என்னும் வெந்நீர் ஊற்றிலிருந்து தைரோ ஓஷிமா எடுத்த பாக்டீரியா. தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்று பெயர். அக்வாட்டிகஸுக்கு உறவுதான், ஆனால் இன்னும் சூடு தாங்கும். அதனிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது. சுற்றியுள்ள தண்ணீரில் டி.என்.ஏ. கிடந்தால் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈ. கோலிக்குள் மரபணுவை நுழைக்க உப்புக் கரைசலிலும் பனிக்கட்டியிலும் வைத்துப் படாத பாடு படுகிறோம். தெர்மஸோ வளர்ந்துகொண்டிருக்கும்போது டி.என்.ஏ.வைச் சேர்த்தாலே போதும், எடுத்துக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1986இலேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் வேறு தொல்லைகள் உண்டு. 70 டிகிரியில் பெட்ரித் தட்டு காய்ந்துபோகும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் நெகிழ்ந்துவிடும். அதனால் ஜெல்லன் என்னும் பசையைச் சேர்த்துத் தட்டு வார்க்கிறார்கள். அடுத்து, மரபணு உள்ளே போன செல் எது, போகாத செல் எது என்று பிரித்தறிய ஆன்டிபயாடிக் மருந்து வேண்டும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆம்பிசிலின் அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். கானமைசின் சூட்டைத் தாங்கும். ஆனால் கானமைசினை முறிக்கும் நொதி? அது சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸிலிருந்து வந்தது. அது தாங்காதே! என்ன செய்வது?

1986இல் லியாவ், மெக்கென்சி, ஹேக்மன் ஆகிய மூவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் சோதனை இது; சொல்லச் சொல்ல அலுக்காதது.

கானமைசினை முறிக்கும் மரபணுவை வெப்பவிரும்பியான ஒரு பாசில்லஸுக்குள் வைத்தார்கள். 47 டிகிரியில் கானமைசின் கலந்த ஊடகத்தில் அது பிழைத்தது. 55 டிகிரியில் செத்தது, நொதி வெந்துவிட்டது. இப்போது கோடிக்கணக்கான செல்களை 63 டிகிரியில், கானமைசினோடு வைத்தார்கள். எந்தச் செல்லில் நொதி சூடு தாங்குமாறு தற்செயலாக மாறியிருக்கிறதோ அதுதான் பிழைக்கும். மற்றவை எல்லாம் மடியும். சில செல்கள் பிழைத்தன. அவற்றின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். 80ஆவது இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் இருந்த இடத்தில் டைரோசின் வந்திருந்தது. ஒரே ஒரு எழுத்து மாற்றம்!

தற்செயல் என்று விட்டுவிடலாமா? அவர்கள் விடவில்லை. மூன்று வெவ்வேறு வழிகளில் செய்துபார்த்தார்கள். தானாக நேரும் மாற்றத்துக்குக் காத்திருந்தார்கள். டி.என்.ஏ.வில் பிழைகளைக் கூட்டும் ஈ. கோலி வகையின் வழியே அனுப்பிப் பார்த்தார்கள். தொடர்ந்து தீனி செலுத்தும் கலத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். மூன்று வழியிலும் கிடைத்தது அதே 80ஆவது இடம், அதே டைரோசின். பிறகு அதையே 70 டிகிரிக்கு ஏற்றினார்கள். இப்போது 130ஆவது இடத்தில் திரியோனின் போய் லைசின் வந்தது. சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துதான் சூட்டு வலிமை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது கண்முன்னே படிப்படியாக நடந்தது.

இதன் பொருள் என்ன? எந்த அமிலத்தை மாற்ற வேண்டும் என்று மனிதன் கணக்குப் போடவில்லை. வெப்பவிரும்பியிடம் புரதத்தைக் கொடுத்து, "இதை உன் சூட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள், இல்லையேல் உனக்கு வாழ்வில்லை" என்றார்கள். அது மாற்றிக் கொடுத்தது. அப்படிக் கிடைத்த மரபணுதான் பின்னாளில் தெர்மஸுக்குள் புதிய மரபணுக்களை வைக்கும்போது அடையாளம் காட்டும் கருவியாயிற்று. சாதாரண உயிரின் புரதங்களை வெப்பவிரும்பிக்குள் வைத்து, சூட்டுக்குப் பழக்கி, உறுதியாக்கி எடுக்கும் இந்த முறை இன்றும் ஆய்வகங்களில் கையாளப்படுகிறது.

மனிதன் கணக்குப் போட்டு மாற்றியதும் உண்டு. டாக் பாலிமரேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 832 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். அதில் 667ஆவது இடத்தில் ஃபினைல்அலனின். 1995இல் டேபரும் ரிச்சர்ட்சனும் அந்த ஒன்றை மட்டும் டைரோசினாக மாற்றினார்கள். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஓர் ஆக்சிஜன் அணுதான். அந்த ஓர் அணுவால், மரபெழுத்தைப் படிக்கப் பயன்படும் செயற்கை எழுத்துகளை நொதி தயங்காமல் ஏற்கத் தொடங்கிவிட்டது. மனித மரபணுத்தொகுதியைப் படித்த பெருந்திட்டத்தின் இயந்திரங்களில் இவ்வகை நொதிகள் இரவு பகலாக உழைத்தன. 832இல் ஒன்று. அதில் ஓர் அணு.

டாக்குக்கு ஒரு குறையும் இருக்கிறது. தான் எழுதியதைத் திருத்திப் பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை. பிழை வந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகும். பிழையில்லாத படி வேண்டுவோர், இத்தாலியின் வல்கனோ தீவுக் கடற்கரையில் கார்ல் ஸ்டெட்டரும் ஃபியாலாவும் கண்டெடுத்த பைரோகாக்கஸின் நொதியை நாடுகிறார்கள். அது 100 டிகிரியில் செழிப்பது. பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்னும் தனிக்குலம்.

சூட்டு வலிமைக்கு ஒரு விலையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. டாக் 70 டிகிரியில் நொடிக்கு 60 எழுத்துக்கு மேல் கோக்கும். 37 டிகிரியில் ஒன்றரை எழுத்துதான். உறுதியாகக் கட்டப்பட்ட புரதம் குளிரில் விறைத்துப்போகிறது. எனவே எல்லா வேலைக்கும் வெப்பவிரும்பியே மருந்து என்று சொல்லித் திரிபவர்களை நம்பாதீர்கள். சூடு தேவைப்படும் வேலைக்குத்தான் அது.

அப்படிப்பட்ட வேலைகள் நம் பக்கத்தில் இல்லையா? ஈரோட்டிலும் திருப்பூரிலும் துணி பதனிடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். நெசவில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறோம். சாயம் ஏற்றும் முன் அந்தக் கஞ்சியை அகற்ற வேண்டும். அமிலம் ஊற்றினால் நூலே நைந்துவிடும். அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை மட்டும் தின்று நூலைத் தொடாமல் விடும். சூடான தொட்டியில் வேலை வேகமாக நடக்க, சூடு தாங்கும் பாசில்லஸ் அமைலேஸ் வேண்டும். ஸ்டார்ச்சிலிருந்து குளுக்கோஸ் எடுக்கும் ஆலைகளில் அது நூறு டிகிரியைத் தாண்டியும் வேலை செய்கிறது.

இதையெல்லாம் விட எனக்கு நெருக்கமான ஒரு செய்தி. நம் செல்களில் புரதம் கட்டும் கூடத்துக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அணு அமைப்பைக் காண உலகம் பல ஆண்டு முயன்றது. காண வேண்டுமானால் அதைப் படிகமாக்க வேண்டும். சாதாரண உயிரின் ரைபோசோம் எளிதில் கலைந்துவிடும். வெப்பவிரும்பியின் ரைபோசோம் உறுதியாக நிற்கும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், கேம்பிரிட்ஜில் தம் குழுவினரோடு 2000ஆம் ஆண்டில் ரைபோசோமின் சிறிய பாகத்தை அணு அணுவாகக் காட்டினார். எந்த உயிரின் ரைபோசோம்? ஜப்பானிய ஊற்றிலிருந்து வந்தது என்று சற்று முன் சொன்னேனே, அதே தெர்மஸ் தெர்மோஃபிலஸ். 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றார். நாம் விழுங்கும் பல ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் எங்கே போய் ஒட்டுகின்றன என்பதையும் அந்தப் படிகங்களே காட்டின.

இனி காசுக் கணக்கு. சொல்லியே ஆக வேண்டும். 1991இல் பி.சி.ஆர். உரிமையை ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு அதில் எவ்வளவு? ஒரு டாலர்கூட இல்லை. பிராக்கும் எதுவும் பெறவில்லை. அவர் அதற்காகக் குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. பிற்பாடு 1997இல்தான் பூங்கா விழித்துக்கொண்டு, ஆராய வரும் ஒரு நிறுவனத்தோடு பயனில் பங்கு கேட்டு ஒப்பந்தம் போட்டது. 2010இல் நகோயாவில் உலக நாடுகள் கூடி, ஒரு மண்ணின் உயிர்வளத்தால் வரும் பயனில் அந்த மண்ணுக்கும் பங்கு உண்டு என்று உடன்பட்டன. இந்தியா அதற்கு முன்பே, 2002இல், உயிரியல் பன்மயச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டப்படி அமைந்த தேசிய ஆணையம் எங்கே இருக்கிறது? சென்னைத் தரமணியில். நம் வாசலில்.

சட்டம் இருக்கிறது. ஆணையம் இருக்கிறது. லடாக்கில் புகா, இமாச்சலத்தில் மணிகரன், வங்காளத்தில் பக்ரேஷ்வர் என்று ஊற்றுகளும் இருக்கின்றன. ஊற்று வேண்டும் என்றுகூட இல்லை. இந்தியானாவின் வெந்நீர்க் குழாயில் கிடைத்தது நம் ஆலைகளின் கொதிகலன் கழிவுநீரிலும், ஆவி பறக்கும் உரக்குவியலிலும் இருக்கலாம் அல்லவா? மக்கும் உரக்குவியலின் நடுவே 60, 70 டிகிரி வரை சூடு ஏறும். மாணவர்கள் தம் இறுதியாண்டுத் திட்டத்துக்காக அங்கிருந்து நல்ல நல்ல பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். அறிக்கை அச்சாகிறது, மதிப்பெண் கிடைக்கிறது, மாணவர் போய்விடுகிறார். அந்தப் பாக்டீரியா? குளிர்பெட்டியின் மூலையில் இரண்டு ஆண்டு கிடக்கிறது. மின்சாரம் போகிறது, பெயர்ச்சீட்டு உதிர்கிறது, கடைசியில் கழுவிக் கொட்டிவிடுகிறோம். இந்த இழப்பு எனக்குப் பொறுக்கவில்லை. பிராக் ஒப்படைத்திராவிட்டால், பல ஆண்டுகள் கழித்துத் தேடியவர்கள் கையில் என்ன கிடைத்திருக்கும்?

பேராசிரியப் பெருமக்களே, உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். சண்டிகரில் நுண்ணுயிர் வளர்ப்புச் சேகரிப்பகம் இருக்கிறது. புனேயில் தேசிய நுண்ணுயிர் வள மையம் இருக்கிறது. உங்கள் மாணவர்கள் தூய்மையாகப் பிரித்தெடுத்த ஒவ்வொரு வெப்பவிரும்பியையும், எடுத்த இடம், நாள், சூடு, கார அமில அளவு ஆகிய குறிப்புகளோடு, மாணவரின் பெயரையும் போட்டு அங்கே அனுப்பிவையுங்கள். என்ன பயன் என்று இப்போதே தெரிய வேண்டியதில்லை. மாணவச் செல்வங்களே, ஆசிரியர் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். இந்த ஆண்டுத் திட்ட அறிக்கைகளை மதிப்பிடும் முன், இந்தத் துறையின் குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு பட்டியல் போடுவதிலிருந்து தொடங்குங்கள்.